பழைய பெட்டிக்குப் புதுக் கார்டு

திருவள்ளூரிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று பக்கம் மாமியாரின் மூட்டுவலியைப் பற்றியது. அதை வைத்தியப் பகுதிக்கு அனுப்பிவிட்டேன். நாலாவது பக்கத்தில் இருக்கும் விஷயம்தான் நம் பகுதிக்கு உரியது.

அவருடைய கணவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். சில வருஷங்களுக்கு முன்பு ஆலை அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர்களை ஏலத்தில் கழித்துக் கட்டியபோது, ஒன்றை வாங்கி வந்தார். 2014-இல் செய்த பெட்டி. அதற்குள் ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் இருந்தது. மூத்த பெண் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறாள். காக்களூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வரைபட வேலைக்கு ஆள் தேவை. "ஆட்டோகேடில் கை பழகிக்கொண்டு அடுத்த மாதம் வா, பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சமயம் பார்த்துப் பெட்டி மக்கர் செய்கிறது. திரையில் கோடு கோடாக வருகிறது; அரை மணி ஓடினால் இருட்டிவிடுகிறது.

"ஒரு கடைக்காரர் பதினையாயிரத்துக்குப் புதுக் கார்டு போடச் சொல்கிறார். இன்னொருவர் பெட்டியையே தூக்கிப் போடச் சொல்கிறார். என்னிடம் சீட்டுப் பணம் எட்டாயிரம் இருக்கிறது. இதற்கு மேல் வளையலைத்தான் வைக்க வேண்டும். எதை நம்புவது?" என்று கேட்கிறார்.

சகோதரி, வளையல் கையிலேயே இருக்கட்டும். அந்தக் கடைக்காரர்கள் இருவருக்கும் விற்பதற்குச் சரக்கு இருக்கிறது. நமக்கு இல்லை. ஆகவே நாம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் இந்தக் கார்டு என்பது என்ன? கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சமைப்பவர் ஒருவர். பந்தியில் பரிமாறுபவர் ஒருவர். கம்ப்யூட்டரில் கணக்கெல்லாம் போடுவது பிராசஸர், அதுதான் சமையற்காரர். கணக்கைப் படமாக்கித் திரையில் இடுவது கிராஃபிக்ஸ் கார்டு, அதுதான் பரிமாறுபவர். சின்ன வீடுகளில் சமைத்தவரே கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து பரிமாறிவிடுவதில்லையா? அதுபோலப் பெரும்பாலான அலுவலகப் பெட்டிகளில் பிராசஸரே படத்தையும் போட்டுவிடும். கடிதம் எழுத, கணக்கு வைக்க, குழந்தைகள் பாடம் பார்க்க அதுவே தாராளம். தனிக் கார்டு இல்லாமலே அந்தப் பெட்டி ஓடக் கூடும் என்பதைக் கடைக்காரர் இருவருமே உங்களிடம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். பக்கத்து மூடியைக் கழற்றி, திருகை எடுத்து, கார்டை மெல்ல வெளியே எடுத்து வையுங்கள். மானிட்டர் ஒயரை இதுவரை கார்டின் பின்புறம் செருகியிருந்தீர்கள் அல்லவா? அதை மதர்போர்டின் பின்புறத்திலேயே இருக்கும் துளையில் செருகி ஓட்டிப் பாருங்கள். படம் பளிச்சென்று வந்தால் குற்றவாளி கார்டுதான். அப்போதும் கோடு வந்தால் கார்டின் மேல் பழி போடாதீர்கள். ஒயரையோ மானிட்டரையோ பார்க்க வேண்டும். படமே வராவிட்டால் ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் துடைத்து மறுபடி போடுங்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சர்வீஸ்காரர்களில் பாதிப் பேர் செய்வது இதைத்தான்.

"அரை மணி ஓடினால் இருட்டிவிடுகிறது" என்று நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு துப்பு இருக்கிறது. அது சூட்டின் அடையாளம். லாரி ஓயாத சாலைப் புழுதியில் பத்து வருஷம் இருந்த பெட்டி. கார்டின் விசிறியும், அதன் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளும் பஞ்சு அடைத்த தலையணை மாதிரி ஆகியிருக்கும். வண்ணம் பூசும் சின்ன பிரஷ்ஷால் தூசியைத் தள்ளுங்கள். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழல விடக் கூடாது. சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே தடவியிருக்கும் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தால், துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவலாம். ஒரு சின்னக் குழாய்ப் பசை போதும். இதற்குப் பிறகும் கோடு கோடாக வந்தால் கார்டுக்கு ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதை அடுப்பில் வாட்டிப் பிழைக்க வைக்கலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பலகாரம் சுடும் அடுப்பில் நச்சுப் புகை ஏற்றுகிற வேலை அது. பிழைத்தாலும் பத்து நாள்தான்.

சரி, பெண்ணின் வேலைக்கு வருவோம். ஆட்டோகேட் என்ன கேட்கிறது? அதைத் தயாரிப்பவர்களே அளவு சொல்லியிருக்கிறார்கள். அண்மைப் பதிப்புகளுக்குக் குறைந்தபட்சம் 2 ஜி.பி. நினைவகமுள்ள கார்டு, அந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 29 ஜி.பி. எடுக்கக் கூடிய வேகம். வசதியாக வேலை செய்ய வேண்டுமானால் விநாடிக்கு 106 ஜி.பி. வேண்டும், நினைவகமும் அதற்கேற்பக் கூடுதலாக வேண்டும்.

இந்த இரண்டாவது எண்ணைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை. "நாலு ஜி.பி. கார்டும்மா!" என்று முதல் எண்ணை மட்டும் சொல்லி எடுத்து நீட்டுவார்கள். நாலு ஜி.பி. என்பது அண்டாவின் கொள்ளளவு. அண்டா எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பிரயோசனம், எடுத்துப் பரிமாறுகிற கரண்டி தேக்கரண்டியாக இருந்தால்? பந்தி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது! ஜீஃபோர்ஸ் ஜி.டி. 730 என்று ஒரு கார்டு, 4 ஜி.பி. என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதில் டி.டி.ஆர். 3 நினைவகம் உள்ள ரகங்களில் மிக நல்லதே விநாடிக்கு 28.8 ஜி.பி.தான் எடுக்கும், மற்றவை 14.4. ஜி.டி. 710-இன் டி.டி.ஆர். 3 ரகமும் 14.4 தான். விலை மலிவு என்று இவற்றை வாங்குவது, காசு கொடுத்து அதே இடத்தில் நிற்பது.

அதைவிடப் பெரிய வேடிக்கை ஜி.டி. 1030. 2017-இல் இது வந்தபோது ஜி.டி.டி.ஆர். 5 என்ற வேகமான நினைவகத்தோடு வந்தது. விநாடிக்கு 48 ஜி.பி. அடுத்த வருஷமே அதே பெயரில், அதே 2 ஜி.பி.யில், டி.டி.ஆர். 4 நினைவகத்தோடு இன்னொன்றை விட்டார்கள். அது 16.8 தான்! பெயரும் ஒன்று, அட்டைப் பெட்டியும் ஏறக்குறைய ஒன்று. முதலாவது ஆட்டோகேட் கேட்கும் 29-ஐத் தாண்டுகிறது. இரண்டாவது பாதி வழியில் நிற்கிறது. புடவைக் கடையில் இப்படி ஒரே பெயரில் இரண்டு சரக்கைக் காட்டினால் நாம் சும்மா இருப்போமா? ஓரத்தைப் பிரித்து நூலைப் பார்க்க மாட்டோமா? அதே மாதிரி இங்கேயும் அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தைப் படியுங்கள். ஜி.டி.டி.ஆர். 5 என்று இருந்தால் சரி. "ஜி" இல்லாமல் டி.டி.ஆர். 4 என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கரண்டிக் கணக்கு புரிந்துவிட்டால் இன்னொரு லாபம். தனிக் கார்டு இல்லாமல் பிராசஸரே படம் போடும்போது, அது கம்ப்யூட்டரின் ரேமையே கடன் வாங்கிக்கொள்கிறது. அந்த 2014 பெட்டியில் ரேம் ஒரே பட்டையாக இருந்தால், டி.டி.ஆர். 3-1600 ரகத்தில், விநாடிக்கு 12.8 ஜி.பி. அதே அளவில் இரண்டாவது பட்டை ஒன்றைச் சரியான துளையில் போட்டால் 25.6 ஆகிவிடும். கேட்கும் 29-க்குச் சற்றுக் குறைவு, வாஸ்தவம். ஆனால் தட்டை வரைபடம், அதாவது தாளில் வரைவது போன்ற இரு பரிமாண வேலைக்கு, கை பழகுவதற்கு இது போதும். ஆட்டோகேடுக்கு எப்படியும் 8 ஜி.பி. ரேம் வேண்டும். ஆகவே இந்தச் செலவு வீண் போகாது. பழைய ஹார்ட் டிஸ்க் இன்னும் அதில் இருக்குமானால் அதை மாற்றி எஸ்.எஸ்.டி. போடுங்கள். பெட்டி திறக்கவே ஐந்து நிமிஷம் ஆகிறதென்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு, எந்தக் கார்டும் கொடுக்காத சந்தோஷத்தை இது கொடுக்கும். ரேம் பட்டை, எஸ்.எஸ்.டி. இரண்டும் எட்டாயிரத்துக்குள் அடங்கிவிடும்.

என் அபிப்பிராயம் இதுதான்: சோதனையில் கார்டு இல்லாமல் படம் நன்றாக வருமானால், இந்த மாதம் கார்டே வாங்காதீர்கள். ரேமும் எஸ்.எஸ்.டி.யும் போட்டுப் பெண்ணை உட்கார வையுங்கள். பட்டறையில் முப்பரிமாண வேலை கொடுக்கும்போது, முதல் சம்பளத்தில் அவளே வாங்கிக்கொள்ளட்டும்.

அப்படி வாங்கும் நாள் வந்தால், அல்லது மதர்போர்டில் படத் துளையே வேலை செய்யாவிட்டால், கார்டைப் பார்க்கும் முன்பு எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்சாரப் பெட்டியைப் பாருங்கள். அதன் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். "450 வாட்" என்று தலைப்பில் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். அதுதான் உண்மையான கையிருப்பு. அதில் பிராசஸருக்கு 84, டிஸ்க்கு, விசிறி, மற்றச் சில்லறைக்கு முப்பது என்று வைத்தால், கார்டுக்கு 100 வாட் மிச்சம். அதையும் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சக் கூடாது.

கம்பெனி ஏலத்தில் வந்த ஒல்லிப் பெட்டிகளில் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் 240 வாட்தான். தனி அளவில் செய்திருப்பார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண ரகம் உள்ளே நுழையாது, பின்னும் பொருந்தாது. எனவே உங்களுக்கு ஏற்றது மதர்போர்டின் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் முழுவதும் எடுத்துக்கொள்ளும் கார்டு. ஸ்லாட் கொடுக்கக் கூடியது 75 வாட். அதற்கு உட்பட்ட கார்டுக்குத் தனி மின்சார ஒயர் வேண்டாம். ஒயர் கேட்கும் கார்டை எடுத்து, "ஒரு கன்வெர்ட்டர் போட்டுத் தருகிறேன்" என்று கடைப் பையன் சொன்னால், சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த மெல்லிய ஒயர் உருகின கதைகள் நிறைய உண்டு.

மின்சாரச் செலவும் நம் கணக்கில்தானே வருகிறது? தினம் நாலு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால், 75 வாட் கார்டு 60 நாளில் 18 யூனிட் தின்னும். 30 வாட் எடுக்கும் ஜி.டி. 1030 ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல். 185 வாட் எடுக்கும் ஆர்.எக்ஸ். 580 போன்ற பழைய பீமன்கள் 44 யூனிட்டுக்கு மேல்!

அப்படியானால் எது? புதிதாக, சிக்கனமாக வேண்டுமானால் ஜி.டி.டி.ஆர். 5 உள்ள ஜி.டி. 1030. முப்பரிமாண வேலைக்கு, செகண்ட் ஹாண்டில், ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. அல்லது ஜி.டி.எக்ஸ். 1650. இரண்டுக்கும் 4 ஜி.பி.; வேகம் முறையே 112, 128; இரண்டும் 75 வாட். இவற்றிலும் சில கம்பெனிகள் தனி ஒயர்த் துளை வைத்துச் செய்திருக்கிறார்கள். அது இல்லாததாகப் பாருங்கள். பெட்டி ஒல்லியானால் "லோ புரொஃபைல்" என்று கேட்க வேண்டும். பாதி உயரக் கார்டு, பாதி உயரப் பட்டையோடு. போகும் முன்பு உள்ளே இருக்கும் இடத்தைத் தையல் டேப்பால் அளந்து ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட் துணிக்கு அளக்கிறோம், இதற்கு அளக்கக் கூடாதா?

2022-இல் வந்த ஆர்.எக்ஸ். 6400, இன்டெல் ஆர்க் ஏ380 இரண்டும் நல்ல கார்டுகள்தாம். ஆனால் உங்கள் பெட்டிக்கு அல்ல. முதலாவது நாலே தடத்தில் பேசுவது. புது மதர்போர்டில் அது தெரியாது, பழையதில் மூச்சு வாங்கும். இரண்டாவது புது மதர்போர்டுகளில் மட்டும் உள்ள ஒரு வசதியை எதிர்பார்க்கிறது. இளைஞர்கள் புகழ்ந்தார்கள் என்று வாங்கிவிட வேண்டாம். இன்னொன்று: உங்கள் மானிட்டரின் ஒயர் முனை நீல நிறமாக இருந்தால் அது வி.ஜி.ஏ. மேலே சொன்ன ஜி.டி. 1030, 1050 டி.ஐ., 1650 எதிலும் அதற்கு நேரடி வழி இல்லை. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் சின்னக் கருவி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் கார்டோடு வீட்டுக்கு வந்து மானிட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கடை என்றால் ரிச்சி தெருதான். திருவள்ளூரிலிருந்து மின்சார ரெயிலில் சென்ட்ரலுக்கு வந்து, மவுண்ட் ரோட்டுப் பக்கம் போனால் சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி இருக்கிறது. ரேடியோ சாமான் விற்ற காலத்திலிருந்தே பெயர் பெற்ற தெரு. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். சாதாரண நாளில் காலையிலேயே போங்கள். கூட்டத்தில் பெண்கள் குறைவு. "யாருக்கும்மா? தம்பிக்கா, கேம் விளையாடவா?" என்று கேட்பார்கள். உங்கள் பெண்ணையே அழைத்துப் போய் அவளையே பேசச் சொல்லுங்கள். "ஒயர் இல்லாத, 75 வாட்டுக்குள், ஜி.டி.டி.ஆர். 5, லோ புரொஃபைல்" என்று ஒரே மூச்சில் அவள் சொல்லட்டும். அப்புறம் பேச்சின் சுருதியே மாறிவிடும்.

செகண்ட் ஹாண்டு வாங்கும்போது மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. கிரிப்டோ நாணயம் தோண்டுகிறோம் என்று, கார்டுகளை இரவு பகலாக ஓட்டியவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். ஈத்தரியம் என்ற நாணயத்துக்கு அந்த முறை 2022 செப்டம்பர் 15-இல் நின்றது. உழைத்துக் களைத்த கார்டுகள் சந்தைக்கு வந்துவிட்டன. பெரும்பாலும் ஆர்.எக்ஸ். 570, 580 போன்றவை. விலை ஆசை காட்டும், நம் எஸ்.எம்.பி.எஸ். தாங்காது.

போலியும் உண்டு. 2010, 2011-இல் வந்த பழைய கார்டின் உள் எழுத்தை மாற்றி 1050 டி.ஐ. என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். கம்ப்யூட்டரும் ஏமாந்து அப்படியே காட்டும். இதற்கு ஒரு சுலப அடையாளம்: அந்தக் குடும்பத்துச் சிப்பிலேயே வி.ஜி.ஏ. கிடையாது. "1050 டி.ஐ." என்று சொல்லும் கார்டில் நீல நிற வி.ஜி.ஏ. துளை இருந்தால் தொடாமல் வந்துவிடுங்கள். ஜி.பி.யூ.-இஸட் என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதைக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். போலியானால் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். அப்படியே அரை மணி நேரம் கனமான படம் ஓட்டச் சொல்லி, நீங்கள் ஒரு காபி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

எட்டாயிரத்துக்கு மேல் ஏன் கூடாது என்கிறேன்? 2014 பெட்டி விண்டோஸ் 11-க்கு முறைப்படி தகுதியானதல்ல. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஜி.டி. 1030, 1050 டி.ஐ. இரண்டுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாக என்விடியா அறிவித்திருக்கிறது. ஆக, பெட்டிக்கு மிஞ்சியிருப்பது இரண்டொரு வருஷப் பயிற்சிக் காலம். அதற்குப் பதினையாயிரம் ரூபாய்க் கார்டு, ஓட்டை வீட்டுக்குத் தேக்குக் கதவு.

இதே கேள்வியை மடிக்கணினி வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். 2011 செப்டம்பர் 15-இல் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது இதே காக்களூரில்தான். அப்போது வாங்கியதைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் அந்தப் பக்கத்தில் இன்னும் உண்டு. அவற்றில் படச் சிப் பலகையோடு பற்ற வைத்தது. கழற்றி வேறு போட முடியாது. ரேம், எஸ்.எஸ்.டி. மாற்றலாம், அவ்வளவுதான்.

செத்துப்போன பழைய கார்டைப் பேரீச்சம்பழக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். செம்புக்காகவும் துளிப் பொன்னுக்காகவும் எரிப்பதும் அமிலத்தில் போடுவதும் இன்னும் நடக்கிறது. அந்தப் புகை யார் வீட்டுக் குழந்தைக்கும் நல்லதல்ல. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற ஆலைகள்தான் இவற்றைப் பிரிக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியிலேயே அப்படிப் பிரிக்கும் தொழில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரை ஷிப்டு முடிந்து வரும்போது விசாரித்துவரச் சொல்லுங்கள். அதுவரை ஒரு காகித உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, பரணில் வையுங்கள்.